திரையில் தெரிவதும் உடலில் இருப்பதும்

கஹவத்தையைச் சூழவுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் 'ஸ்கேன்' என்னும் சொல்லை அறியாத குடும்பம் இன்று இல்லை எனலாம். கர்ப்பிணித் தாய்மாரும், வயிற்று வலியால் அவதியுறுவோரும், காய்ச்சலுக்கு ஆளான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் பெற்றோரும் இச்சொல்லைக் கேட்டே ஆகவேண்டியவர்களாக உள்ளனர். ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறி, நகரிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ தனியார் மருத்துவ நிலையத்துக்கோ சென்று, கையில் கிடைக்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். வயிற்றுக்குள் கெமராவை வைத்து எடுத்த புகைப்படம் என்றே அதனைக் கருதுகின்றனர். மக்களின் இந்த நம்பிக்கையை நாம் குறை கூற முடியாது. ஆயின், கருவியைக் கையாள்பவரும் அதே நம்பிக்கையுடன் திரையை நோக்குவாராயின் விளைவு பாரதூரமானதாகிவிடும்.

கழியொலி என்றும் மீயொலி என்றும் கூறப்படுவது மனிதச் செவிக்கு எட்டாத, செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியாகும். வயிற்றுப் பரிசோதனைக்கு 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரையான, அதாவது செக்கனுக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையான அதிர்வுகள் பயன்படுகின்றன. தேயிலை மலையொன்றில் நின்று உரத்துக் கூவினால் எதிர் மலையில் மோதிக் குரல் திரும்பி வருவதை நம்மவர் அறிவர். எதிரொலி வர எவ்வளவு நேரம் சென்றது என்பதைக் கணித்தால் எதிர் மலையின் தூரத்தைக் கூறிவிடலாம். ஸ்கேன் கருவி செய்வதும் இதனையே. வயிற்றின் மீது வைக்கப்படும் கைக்கருவி ஒலித் துடிப்பொன்றை அனுப்பிவிட்டு மௌனமாகச் செவிமடுக்கின்றது. திரும்பி வரும் எதிரொலிகளின் நேரத்தையும் வலிமையையும் கொண்டு திரையில் புள்ளிகளை இடுகின்றது. அப்புள்ளிகளின் தொகுதியே நாம் காணும் படம்.

இக்கணக்கைச் செய்வதற்குக் கருவி சில விடயங்களை உண்மையென முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றது. உடலெங்கும் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1540 மீற்றர் என்பது அவற்றுள் முதன்மையானது. ஒரு சதமமீற்றர் ஆழம் சென்று மீள 13 மைக்ரோ செக்கன் என்ற வாய்ப்பாடு இதிலிருந்தே வருகின்றது. ஒலி நேர்கோட்டிலேயே செல்லும், ஒரே ஒரு முறை மட்டுமே தெறித்து நேராகத் திரும்பும், ஆழம் கூடக் கூட ஒரே சீராக வலுவிழக்கும், ஒலிக்கற்றை மெல்லிய தகடு போன்றது என்பன ஏனைய நம்பிக்கைகள். இவற்றுள் ஒன்றேனும் முழு உண்மையன்று. கொழுப்பில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1450 மீற்றர். எலும்பில் 3000 மீற்றருக்கும் மேல். காற்றிலோ 330 மீற்றர் அளவே. பத்துச் சதமமீற்றர் கொழுப்பினூடாகச் சென்று மீண்ட எதிரொலியைக் கருவி 10.6 சதமமீற்றர் ஆழத்தில் கொண்டுபோய் வைக்கும். கருவி பழுதுபட்டமையால் நேர்வதன்று இது. புத்தம் புதிய, விலையுயர்ந்த கருவியும் இவ்வாறே செய்யும். இவ்வாறு உடலில் இல்லாததைக் காட்டுவதும், இருப்பதை மறைப்பதும், இடம் மாற்றியோ அளவு மாற்றியோ வைப்பதுமே போலித் தோற்றம் எனப்படுகின்றது.

இத்துறையின் தொடக்கமே இவ்விடயத்துடன் பின்னியதாகும். கிளாஸ்கோ நகரின் மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரென்ஃப்ரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிச் சென்றார். உலோகத்தில் வெடிப்பு உள்ளதா எனக் கண்டறியும் கருவியால் அக்கட்டிகளைச் சோதித்தார். திண்மக் கட்டி ஒரு விதமாகவும் நீர்க்கட்டி வேறு விதமாகவும் எதிரொலி தருவதை அங்கே கண்டார். பின்னர், குணப்படுத்த இயலாத வயிற்றுப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட பெண்ணொருவருக்கு உண்மையில் இருந்தது சூலகத்தில் உண்டான பெரிய நீர்க்கட்டியே என இம்முறை காட்டிக்கொடுத்தது. கட்டி அகற்றப்பட்டது, பெண் பிழைத்தார். ஜோன் மக்விகார், டொம் பிரவுண் ஆகியோருடன் சேர்ந்து டொனால்ட் எழுதிய கட்டுரை 1958 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பிரவுண் ஒரு பொறியியலாளர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒலி எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அறிந்த ஒருவரும், உடல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அறிந்த ஒருவரும் அருகருகே நின்று திரையைப் பார்த்தனர். இன்று கருவியைப் பிடிக்கும் ஒருவரே அவ்விரு அறிவையும் தம்முள் கொண்டிருக்க வேண்டியவராகின்றார்.

போலித் தோற்றங்களுள் குடும்பங்களின் நிம்மதியோடு நேரடியாகத் தொடர்புற்றது இரட்டைத் தோற்றமாகும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் வயிற்றின் நடுக்கோட்டில் கைக்கருவியைக் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது, கருப்பையில் ஒரேயொரு கருப் பையுறை இருக்கவும் திரையில் இரண்டு தெரிவதுண்டு. வயிற்றின் முன்புறத்தில் நடுக்கோட்டின் இரு மருங்கும் நெடுக்காக ஓடும் தசைகளும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் சேர்ந்து அரியம் போலச் செயற்பட்டு ஒலிக்கற்றையை முறிவடையச் செய்வதே காரணம். ஒலி வளைந்து வந்ததைக் கருவி அறியாது. நேராக வந்ததாகவே எண்ணி ஒரு பொருளை இரண்டு இடங்களில் வரைந்துவிடுகின்றது. கருப்பையினுள் வைக்கப்பட்ட ஒரு லூப் இரண்டாகத் தெரிவதும் இவ்வாறே. 1980களிலேயே மருத்துவ இதழ்களில் 'ஆவித் தோற்றம்' என்ற பெயரில் இது விரிவாக எழுதப்பட்டுவிட்டது. ஆகவே அறியப்படாத இரகசியம் எதுவும் இதில் இல்லை. கைக்கருவியைத் தொண்ணூறு பாகை திருப்பினாலோ, நடுக்கோட்டை விட்டுச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தினாலோ இரண்டாவது உருவம் மறைந்துபோகும். உண்மையான இரட்டைக் கரு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இரண்டாகவே நிற்கும்.

இச்சோதனைக்கு அரை நிமிடம் போதும். அதனைச் செய்யாது விட்டால் நேர்வது யாது? தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள் என்று கூறப்படும். சில வாரங்களின் பின் வேறொருவர் ஸ்கேன் செய்து ஒன்றுதான் என்பார். இடையில் ஒரு குழந்தை அழிந்துபோனதாக அத்தாய் அழுவாள். மாமியார் ஒரு காரணத்தைக் கூறுவாள். கொழுந்துக் கூடை சுமந்ததே குற்றம் என்று அயலார் கூறுவர். இல்லாத பிள்ளைக்காக ஒரு லயன் அறையே துக்கம் காக்கும். இரட்டைக் கருவில் ஒன்று இயல்பாகவே மறைந்துபோவதும் உண்டு. எனவே எது நேர்ந்தது என்பதைப் பின்னர் நிச்சயமாகக் கூற எவராலும் முடியாது. முதலில் கருவியைத் திருப்பிப் பார்த்தவராலேயே அது முடியும்.

இரத்தினபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதனை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. இரத்தினக்கல் வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள தமிழ், முஸ்லிம், சிங்கள அன்பர்கள் யாவரும் 'மாத்தறை வைரம்' எனப்படும் நிறமற்ற சேர்க்கன் கல்லை அறிவர். பட்டை தீட்டிய அக்கல்லை வில்லையின் ஊடாக மேலிருந்து நோக்கினால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். கல்லின் இரட்டை முறிவே இதற்குக் காரணம். அனுபவமுள்ள வியாபாரி கல்லில் ஓரங்கள் இரண்டு இருக்கின்றன என்று ஏமாறுவதில்லை. இரட்டையாகத் தெரிகின்றது, ஆகவே இது வைரமன்று, சேர்க்கன் என்று தீர்மானிக்கின்றார். வயிற்றுத் தசையில் நிகழ்வதும் கல்லில் நிகழ்வதும் பௌதிக முறையில் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் கண்ணை ஏமாற்றும் தோற்றத்தையே அறிவுக்குச் சாட்சியாக்கிக்கொள்ளும் திறமை இரு தொழில்களுக்கும் பொதுவானது.

போலித் தோற்றங்கள் யாவும் தீமையானவை என்ற எண்ணமும் தவறானதே. பித்தப்பைக் கல்லைக் கண்டறிவது பெரும்பாலும் கல்லைக் கண்டு அன்று. கல்லுக்குப் பின்னால் விழும் கரிய நிழலைக் கண்டேயாகும். கல் ஒலியைத் தடுத்துவிடுவதால் அதன் பின்னுள்ளவை யாவும் இருண்டுவிடுகின்றன. நீர்க்கட்டியின் பின்புறமோ இயல்புக்கு மீறிய வெண்மையுடன் ஒளிரும். நீரில் ஒலி வலுவிழப்பது மிகக் குறைவு; கருவியோ எங்கும் ஒரே சீராக வலுவிழக்கும் என எண்ணி ஆழத்து எதிரொலிகளைப் பெருக்கிக் காட்டுகின்றது. திண்மமா நீரா என்ற கேள்விக்கு இவ்வெண்மை பல வேளைகளில் விடை தருகின்றது. இதே பித்தப்பையினுள் இல்லாத மண்டியை இருப்பது போலக் காட்டும் போலியும் உண்டு. ஒலிக்கற்றைக்குத் தடிப்பு இருப்பதனால் பக்கத்திலுள்ள குடலின் எதிரொலி பித்தப்பைக்குள் விழுந்துவிடுகின்றது. நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் உண்மையான மண்டி தாழ்ந்த பக்கத்துக்கு வழிந்து செல்லும். போலி அவ்வாறு செல்லாது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு நெருக்கமான மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் தோள்மூட்டு வலியுடன் வருவோருக்குத் தோளில் ஸ்கேன் செய்யப்படுவதுண்டு. தசைநாரின் இழைகளுக்கு ஒலிக்கற்றை செங்குத்தாக விழுந்தால் அது வெண்மையாகத் தெரியும். கைக்கருவி சில பாகை சாய்ந்தாலும் அதே தசைநார் கறுத்துவிடும். கறுப்பைக் கண்டவுடன் நார் கிழிந்துவிட்டது என எழுதிவிடுவது எளிது. கையைச் சற்றே நிமிர்த்தினால் 'கிழிவு' ஆறிவிடும்!

இனி, நம் பிரதேசத்துக்கு உயிர்ப் பிரச்சினையான டெங்கு நோய்க்கு வருவோம். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். மழை மிகுந்த இரத்தினபுரி மாவட்டமும் அதிலிருந்து தப்பவில்லை. டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் குருதி வெளியேறுவது மட்டுமன்று. குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம் கசிந்துவிடுவதே பெரும் ஆபத்தாகும். ஏறத்தாழ 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும் இக்கசிவுக் காலத்தில் நோயாளிக்குக் கொடுக்கும் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ஆகவே கசிவு தொடங்கிவிட்டதா என்பதை அறிவது வைத்தியருக்கு இன்றியமையாதது. கசியும் திரவம் வயிற்றறையிலும், நுரையீரலைச் சூழ்ந்து பெரும்பாலும் வலப்புறத்திலும் சேரும். சிறிதளவு திரவத்தைக் கூடக் கட்டிலருகே வைத்தே கண்டறிய ஸ்கேன் உதவுகின்றது.

இங்கேதான் போலித் தோற்றம் பற்றிய அறிவு வைத்தியருக்குக் கைகொடுக்கின்றது. வலது விலாவின் கீழே கைக்கருவியை வைத்தால் ஈரல் தெரியும். அதன் மேலே பிரிமென்றகடு வெண்ணிறமான வளைகோடாகத் தெரியும். அதற்கு மேலே நுரையீரல், அதாவது காற்று. மென்மையான இழையத்திலிருந்து காற்றை அடையும் ஒலி ஏறத்தாழ முழுவதுமே தெறித்துவிடும். (ஸ்கேன் செய்யுமுன் வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசுவதும், கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்றுப் புகாதிருத்தற்கே.) இவ்வாறு தெறித்த ஒலி ஈரலில் மோதி, மீண்டும் பிரிமென்றகட்டுக்கு வந்து, பின்னர் கருவியை அடைகின்றது. நேரம் கூடுதலாகச் சென்றதால் அதிக ஆழத்திலிருந்து வந்ததாகக் கருவி கணக்கிடுகின்றது. விளைவாக, பிரிமென்றகட்டுக்கு மேலேயும் ஓர் ஈரல் தெரிகின்றது. கண்ணாடியில் முகம் தெரிவது போன்றதே இது. அனுபவமற்றவர் இதனை நெஞ்சறையில் ஒரு கட்டி என்றோ, நியூமோனியாவால் இறுகிய நுரையீரல் என்றோ எண்ணிவிடலாம்.

அறிந்தவருக்கோ அந்த இரண்டாவது ஈரல் நற்செய்தியாகும். அது தெரியும் வரை அவ்விடத்தில் காற்று நிறைந்த நுரையீரல் பிரிமென்றகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது என்பது பொருள். திரவம் சேர்ந்தால் கண்ணாடி கலைந்துவிடும். ஒலி திரவத்தினூடாக மேலே சென்றுவிடுவதால் போலி ஈரல் மறைந்து கரிய பட்டையொன்று தோன்றும். வழமையாகப் பிரிமென்றகட்டுடன் நின்றுவிடும் முள்ளந்தண்டின் தோற்றமும் அதற்கு மேலே தொடர்ந்து தெரியத் தொடங்கும். காய்ச்சலின் மூன்றாம் நான்காம் நாளில், காலையில் தெரிந்த போலி ஈரல் மாலையில் தெரியவில்லை என்றால் அது ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும் தகவலாக அமையலாம். போலி இன்னதென்று கற்பிக்கப்படாத ஒருவருக்கோ காலைப் படம் அச்சத்தையும் மாலைப் படம் ஆறுதலையும் தரக்கூடும். உண்மைக்கு நேரெதிராக!

நுரையீரல் பரிசோதனை பற்றிய கதையும் இதுவே. காற்று நிறைந்த உறுப்பை ஒலியால் பார்க்க முடியாது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டு வைத்தியர் டானியல் லிச்சென்ஸ்டைன் 1990களில், நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து வால்வெள்ளியின் வாலைப் போல இறங்கும் ஒளிக்கோடுகளை ஆராய்ந்தார். வெறும் போலியென ஒதுக்கப்பட்ட அக்கோடுகள் நுரையீரலில் நீர் கோத்துள்ளதைக் காட்டும் அடையாளமென நிறுவினார். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் வைத்தியர்கள் இம்முறையைக் கைக்கொண்டனர்.

கருவி உற்பத்தியாளர்கள் படத்தை அழகுபடுத்துவதில் முனைந்துள்ளமை மற்றொரு சிக்கலைத் தோற்றுவித்துள்ளது. பல கோணங்களிலிருந்து ஒலியை அனுப்பிச் சராசரி எடுக்கும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. அதனால் படம் தெளிவாகின்றது. கல்லின் நிழலும் நீர்க்கட்டியின் பின் வெண்மையும் நுரையீரற் கோடுகளும் மங்கிவிடுகின்றன. தேவையான வேளையில் இவ்வசதியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பொத்தான் எதை அழிக்கின்றது என்று அறியாதவரின் கையில் விலை கூடிய கருவி, பழைய கருவியிலும் குறைவாகவே பயன் தரும். நன்கொடையாகக் கருவி பெற்று, நாடா வெட்டி, படமெடுத்துப் பத்திரிகையில் இடுவோர் இதனையும் சற்றே சிந்திப்பார்களாக.

அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஸ்கேன் செய்வதற்கெனத் தனித் தொழில்வல்லுநர்கள் உள்ளனர். அமெரிக்காவில் இத்துறையின் பிரதான சான்றிதழைப் பெறுவோர் கழியொலியின் பௌதிகத்திலும் கருவியியலிலும் தனிப் பரீட்சையொன்றில் சித்தியடைய வேண்டும். போலித் தோற்றங்கள் அதில் ஒரு பகுதி. நம் நாட்டில் ஸ்கேன் பெரும்பாலும் வைத்தியர்களாலேயே செய்யப்படுகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் பயிலும் கதிரியக்கவியல் நிபுணர்கள் பௌதிகத்தை முறையாகக் கற்றே வெளிவருகின்றனர். அவர்களைப் பற்றி நமக்குக் குறையில்லை. நாம் கவலைகொள்வது, விடுதியில் மூத்தவர் செய்வதைப் பார்த்துக் கைப்பழக்கமாக ஸ்கேனைக் கற்றுக்கொள்ளும் இளம் வைத்தியர்களைப் பற்றியே. சிறிய நகரங்களின் வைத்தியசாலைகளில் இரவு வேளையில் கைக்கருவியைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்களே. உறுப்புகளை இனங்காண அவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது. கருவி எப்போது பொய்யுரைக்கும் என்பதும் அதே அளவுக்குக் கற்பிக்கப்பட வேண்டும்.

மொழி பற்றிய ஒரு வார்த்தை. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது; விளக்கம் பல வேளைகளில் சிங்களத்தில் கூறப்படுகின்றது; கேட்டு நிற்பவரோ தமிழ் மட்டுமே அறிந்த தாய். 'மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்' என்ற சாதாரண வசனம் அவர் காதில் 'பிள்ளைக்கு ஏதோ கோளாறு' என்று விழுகின்றது. ஐயமான தோற்றத்தை மறுநாளோ மறுவாரமோ வேறு கோணத்தில் பார்ப்பது நல்ல வைத்தியத்தின் அடையாளமே. இதனைத் தமிழில் எடுத்துரைக்கத் தோட்டத்தின் குடும்ப நல உத்தியோகத்தரை விடப் பொருத்தமானவர் வேறெவர்? அதேபோன்று, கஹவத்தையில் எடுத்த அச்சுப் படத்தை மட்டும் இரத்தினபுரிக்கோ கொழும்புக்கோ கொடுத்தனுப்பி 'இதைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று நிபுணரைக் கேட்பதிலும் பயன் குறைவு. மெய்யா போலியா என்பது கைக்கருவியை அசைத்துப் பார்க்கும்போதே வெளிப்படும். தாளில் உறைந்த படம் அசையாது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் கர்ப்பத்தின் 24 வாரங்களுக்கு முன் ஒரு ஸ்கேனைப் பரிந்துரைத்தது. அந்த ஒன்றை நிதானமாகச் செய்வதற்குரிய நேரத்தை வைத்தியருக்கு வழங்குவதும் நிருவாகத்தின் பொறுப்பாகும்.

இக்கல்விக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம் இல்லங்களில் காய்ச்சும் கடற்பாசியே போதுமானது. இனிப்புச் சேர்க்காது கெட்டியாகக் காய்ச்சி, இறுகுமுன் ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பிய கையுறை விரலொன்றையும் ஆற்றுக் கல்லொன்றையும் உலோகக் கரண்டியொன்றையும் அமிழ்த்திவிட்டால், மருத்துவ உலகம் பயிற்சிக்குப் பயன்படுத்தும் மாதிரி உடலொன்று கிடைத்துவிடும். நீர் நிரம்பிய விரலின் பின்னே வெண்மையையும், கல்லின் பின்னே நிழலையும், கரண்டியின் கீழே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய பொய்க் கோடுகளையும் இளம் வைத்தியர் தம் கையாலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். பிரதேச வைத்தியசாலைகளில் மாதம் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குமாறு சப்பிரகமுவ மாகாண சுகாதார அதிகாரிகளை நாம் கேட்டுக்கொள்கின்றோம். அடுத்த மழைக்காலத்தின் டெங்கு நோயாளர் வந்து சேருமுன் அதனைத் தொடங்கிவிடலாம்.